பதினாறு மணி நேரக் கணக்கு

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு எழாது. எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று பேசாததால்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு திங்கட்கிழமை மதியம் செங்கல்பட்டு வீட்டில் அப்பா இறந்துபோனார். அண்ணன் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். கொள்ளி வைக்க மூத்தவன் வர வேண்டும் என்பதைத் தவிர அம்மா வேறெதுவும் கேட்கவில்லை.

செவ்வாய் காலை பக்கத்து வீட்டு போனில் அண்ணன் பேசினார். செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு விமானம் என்றார். "சாப்டியாண்ணா?" என்றேன். "இப்பத்தான் ராத்திரிக்கு ஏதோ சாப்ட்டேன்" என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.

அக்கா வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர். அவர்கள் விமானத்தில் வந்தவர்கள் என்பதால், விமானம் பற்றி எல்லாம் தெரிந்தவர் இவர் என்று ஆகிவிட்டது. என் பெண்ணின் பள்ளி அட்லஸைப் பிரித்து நூல் வைத்து அளந்தார்.

"பதினாலாயிரம் கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம் போவும். பதினாறு மணி நேரம். புதங்கெழம காத்தால அஞ்சுக்கு மீனம்பாக்கத்துல கீறான், எழுதி வெச்சிக்க."

"மாமா, அங்க இன்னும் திங்கக்கெழம ராத்திரிதான் போலருக்கு..."

"மச்சான், நானு தெனம் வெள்ளக்காரனோட குந்திகினு கீறவன். எனக்கே ஏரோப்ளேன் கணக்கு சொல்றியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். வழியில் இறங்கி வேறு விமானம் மாறுவார்களே என்றுகூடக் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

புதன் விடிகாலை வேன் எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் போன மாமா, பத்து மணிக்குத் தனியாகத் திரும்பினார். அங்கே கவுண்டரில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவாரே. வாசற்படி ஏறும்போதே சத்தமாகச் சொன்னார்:

"ஏறியே இருக்க மாட்டான். லீவு கெடச்சிருக்காது. அதச் சொல்ல அவனுக்கு வாய் வரல."

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமே" என்றாள் அம்மா.

"ஐஸ்லாம் தண்ணியாப் பூடுச்சி அத்தே. சனம் சோறு தண்ணி இல்லாம குந்திகினு கீது. சின்னவன் வெக்கட்டும்."

கூட்டமும் தலையாட்டியது. பெற்ற தகப்பனைவிட லீவு பெரிதா என்று ஒருவர் அண்ணனைத் திட்ட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தலைகளில் ஒன்றுக்கும், அங்கே பொழுது விடிவது வேறு நேரம், அண்ணன் சொன்ன செவ்வாய் மதியம் நமக்குச் செவ்வாய் நள்ளிரவும் தாண்டித்தான் என்று உறைக்கவில்லை. உறைத்திருந்த ஒரே தலை என்னுடையது. மாமாவின் திமிரை எவ்வளவு வெறுத்தேனோ, அதைவிட அதிகமாக என் வாயை வெறுத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நெருப்புச் சட்டியை வாங்கிக்கொண்டேன். மாலை நாலரைக்குக் கொள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு, பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அண்ணன் டாக்சியில் வந்து இறங்கினார்.