ஒன்றுமில்லாத வானத்துக்கு டீ வாங்கியவர்

உழவர்கரையில் பெட்ரோல் போட வரிசையில் நின்றபோது செலின் மேடத்தின் தங்கை போன் செய்தார். "பாய், அக்கா போயிடுச்சு" என்றார். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். வண்டியை ஓரங்கட்டினேன். பெட்ரோல் போடவே இல்லை.

எங்கள் ஆய்வுக்கூட மாடியில் இருந்த லேசர் கருவியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பச்சை ஒளியை நேராக வானத்துக்கு அனுப்புவோம். திரும்பி வரும் மங்கலான வெளிச்சத்தை வைத்து, மேகங்களுக்கும் மேலே எரிமலை விட்டுச்சென்ற கந்தக அமிலத் துளிகள் எந்த உயரத்தில் எவ்வளவு மிதக்கின்றன என்று கணக்கிடுவோம். கருவியைப் பழுது பார்த்தது நான். அதை வைத்து வானத்தைப் படித்தவர் செலின் மேடம்.

அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. துளிப்படலம் தெரிந்தால் உம்மென்று வேலையைப் பார்ப்பார். எதுவுமே தெரியாத நாளில்தான் "ரியான்!" என்று பிரெஞ்சில் அறிவித்துவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். ஒன்றுமில்லை என்பதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கிண்டல் செய்வோம். "சுத்தமான வானம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான பாய், அழுக்கு எவ்ளோ சேந்துச்சுன்னு சொல்ல முடியும்?" என்பார்.

ஒருமுறை உயரத்தில் படலம் தெரிந்ததும் நாங்கள் துள்ளிக் குதித்து, எரிமலைதான் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டோம். ஊரிலிருந்து திரும்பிய மேடம் பதிவைச் சோதித்தார். அமிலத் துளி உருண்டையானது. அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் திசை மாறாது. இதில் மாறியிருந்தது. உருண்டையில்லாத பனிப்படிகங்கள். வெறும் மேகம். "அடுத்தவன் சொல்றதுக்குள்ள நாமளே சொல்லிடலாம்" என்று அவரே மறுப்பு எழுதினார்.

அந்த நேர்மைதான் எங்களுக்கு வினையானது. லேசருக்கு உயிர் கொடுக்கும் லேம்ப் போனபோது, மேகத்தையும் எரிமலையையும் பிரிக்கத் தெரியாத கருவிக்கு எதற்குச் செலவு என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஒன்றுமில்லாததை அளக்க லேசர் எதற்கு என்று ஒருவர் சிரிக்கவும் செய்தார். எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. நம்மூர் மேட்டுப்பாளையம் பட்டறைகளிலெல்லாம் அலைந்தேன். அந்த லேம்ப் அங்கே எங்கே கிடைக்கும்? மேடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். பிறகு நோயில் படுத்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தூரத்தில் ஓர் எரிமலை வெடித்தது. சில வாரங்களில் நம் ஊர் அந்தி வானம் ஊதாவானது. ஊரே கடற்கரைச் சாலையில் செல்போனும் கையுமாக நின்றது. நான் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே இருந்தேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஒயரத்துல இருக்கு பாய்?"

"தெரியல மேடம். லேம்ப் இன்னும் வரல."

"அப்ப நம்ம ஊர்ல யாருக்குமே தெரியாதா?"

நான் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அது சொல்வது சரியா என்று தரையிலிருந்து பார்க்கத்தான் நாங்கள் இருந்தோம். துளிகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. இனி லேம்ப் வந்தாலும் அந்த முதல் வாரங்களை அளக்க முடியாது.

அவரிடமிருந்து தைரியத்தைப் பெற்றேன் என்று எழுத ஆசைதான். என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கேள்வி மட்டுமே. யாருக்கும் தெரியாது, மேடம்.