லோக்கல் என்று எழுதியது

இந்த ஊரில் தபால்காரர் வரும்போது நாம் வீட்டில் இல்லையென்றால், பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நம் கதவிடுக்கில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார். தெருவில் யார் என்ன வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். வட இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்து ஏழு வருடமாகிறது. கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. போன சித்திரை வாக்கில் நான் வாங்காத பார்சல்கள் என் வீட்டுக்கு வரத் தொடங்கின. ஒரே வாரத்தில் நான்கு. விலாசம் எங்களுடையதுதான். பெயர் மட்டும் ஏதோ பூவின் பெயர் வைத்த கடையுடையது.

நான்காவதைப் பிரித்தேன். யாரோ வாங்கித் திருப்பி அனுப்பிய நீலப் பூப்போட்ட கவுன் ஒன்று, கூடவே ஒரு துண்டுச்சீட்டு. ‘எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தது. வந்த புதிதில் என்றால் கொஞ்சம்தானே என்று விட்டிருப்பேன். இந்த ஊர்க்காரர்கள் ‘கொஞ்சம்’ என்று எழுதினால் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்று பொருள். துணியைத் தொட்டேன். குளத்தூர்க் கரிசலில் பருத்தி எடுத்து வளர்ந்தவள் நான், இது பருத்தி இல்லை என்று விரல் உடனே சொல்லிவிட்டது. மடிப்பு விறைப்பாக நிற்க உள்ளே ஓர் அட்டை வைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் மை கலங்கிய தீப்பெட்டி லேபிள். கோவில்பட்டி அச்சகங்களில் கழித்துப் போடுகிற அட்டை அது. அதை வாங்கித் துணி மடிப்புக்குள் வைக்கிற ஒரே ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும். என் தம்பி முத்துராஜ்.

அவன் புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கிற யூனிட் வைத்திருக்கிறான். பத்து மிஷின், ஒன்பது பெண்கள். முந்தைய தீபாவளிக்கு என் விலாசத்தை வாட்ஸப்பில் கேட்டு வாங்கினான். முறுக்கு அனுப்பப் போகிறான் என்று நினைத்தேன். முறுக்கு வரவே இல்லை, நானும் மறந்துவிட்டேன். இப்போது அந்தக் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்தால், வேலியோரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் லினன் கவுனில் சிரிக்கிறாள். கீழே ‘லோக்கல்லி மேட்’ என்று எழுதி, பொருள் இருக்கும் இடம் என்ற வரியில் இந்த இங்கிலாந்து ஊரின் பெயர்.

உடனே கூப்பிட்டேன். மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

“நீதானக்கா சொன்ன, அங்கன லோக்கல்னு போட்டாத்தான் வாங்குதாங்கன்னு” என்றான்.

சொன்னேன்தான். ஒரு சனிக்கிழமைச் சந்தையில், உள்ளூரில் தைத்தது என்று பலகை மாட்டி, சாதாரணப் பைக்கு மூன்று மடங்கு விலை வைத்திருந்தார்கள். போட்டோ எடுத்து அனுப்பி, கூத்தைப் பார் என்று சிரித்தேன். ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு ஏன் சிரித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. நம்மூரில் ஒரு சாமானை லோக்கல் என்றால் அதற்கு மேல் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. சின்ன வயதில் அப்பாவோடு கோவில்பட்டி பஜாருக்கு டார்ச் லைட் வாங்கப் போனேன். கடைக்கார பாய் இரண்டை எடுத்து வைத்து, “அண்ணாச்சி, இது லோக்கல், இது ஃபாரின். என்னக் கேட்டா லோக்கலே போதும்” என்று நேர்மையாகத்தான் சொன்னார். அப்பா ஃபாரினைத்தான் வாங்கினார். அது ஒரே மாதத்தில் மண்டையைப் போட்டது. லோக்கல் பேட்டரி போட்டதால்தான் கெட்டது என்று கடைசிவரை சாதித்தார். இங்கே எல்லாம் தலைகீழ். முட்டையா, பன்றி இறைச்சியா, சோப்பா, பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தது என்றால் முகம் மலர்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் பார்வை சந்தேகமாகிறது. பார்சலைத் திருப்பி அனுப்புகிறவர்களின் கோபம் முத்துராஜுக்குப் புரியவே இல்லை. ஃபாரின் துணிதானே அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று கேட்டான்.

லினன் படத்தைப் போட்டுவிட்டு ஏன் கலப்புத் துணி அனுப்பினாய் என்று கேட்டேன். நூல் விலை என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். மாற்றிவிடுகிறேன் என்றான். மாற்றவில்லை.

அடுத்த வாரம் மொரீன் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிற, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கும். நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். இந்தத் தெருவில் எங்களை முதன்முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தவரும் அவரே. கையில் அதே மாதிரி இன்னொரு நீலக் கவுன் பொதி. பேத்திக்குச் சர்ச்சில் பெயர் வைக்கிற அன்று உடுத்த வாங்கினாராம். போட்டதும் தையல் விட்டுவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்று விலாசம் பார்த்தால் எங்கள் வீடு, அதனால் நேரிலேயே கொண்டு வந்துவிட்டார்.

“பாவம், உங்கள் விலாசத்தைக்கூடத் திருடியிருக்கிறார்கள்” என்றார். அவர் என்னையும் ஏமாந்தவளாகவே நினைத்தார். போலீசுக்கு எழுத உதவுகிறேன் என்றும் சொன்னார்.

எப்படியோ “இட்ஸ் மை பிரதர்” என்று முனகினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “நோ பாதர், லவ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பி என்று நான் சொன்ன பிரதர், சிரமம் என்று பொருள்படுகிற ‘பாதர்’ ஆக அவர் காதில் விழுந்திருக்கிறது. சிரமமெல்லாம் ஒன்றுமில்லையம்மா என்று எனக்கு ஆறுதல் வேறு.

திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. என் உச்சரிப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் நல்லவளாகவே நடமாடினேன். என்னைப் போல வெளியே வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாம் சொல்வது புரியாமல் போவதில் சில சமயம் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள், போலீசுக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்ட மொரீன் எடுத்து வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. கடிதம் போனால் தம்பி மாட்டுவான், ஒன்பது பெண்களின் வேலை போகும் என்று பயந்தது உண்மை. அதைவிட, இவர் என்னை நம்பி உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே என்ற வெட்கம் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன். என் அம்மாவின் மகன். என் சொந்தத் தம்பி. விலாசம் நான் கொடுத்தது. போன வாரமே எனக்குத் தெரியும்.

மொரீன் கடிதத்தை நான்காக மடித்தார். “ரைட்” என்றார். நம்மூர் பஸ்ஸில் ரைட் என்றால் வண்டி கிளம்பும். இங்கே அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அவர் கடிதத்தை அனுப்பவில்லை. கவுனுக்கான பணத்தை நான் நீட்டியபோது வாங்கிக்கொண்டார். தெருவில் பார்த்தால் இப்போதும் வணக்கம் சொல்கிறார். மாற்றுச் சாவியை மட்டும் ஒரு கவரில் போட்டு எங்கள் கதவு வழியே போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் முத்துராஜைக் கூப்பிட்டேன். இந்த முறை நான் சிரிக்கவில்லை, அவனையும் நைச்சியம் பேச விடவில்லை.

“ஏலே, ஊரு பேரு போடுலே. நம்மூரு பேரு. எந்தத் துணின்னும் போடு. விக்கலன்னா விக்காம கெடக்கட்டும்.”

“இங்கன ஒம்பது பொம்பளைய தைக்காவக்கா. அவியளுக்கு நான் என்ன சொல்லுதது?”

“அந்த ஒம்பது பேரு தைச்சதுன்னே போடு. அதுல என்னலே கேவலம்?”

கடைசியில் சரி என்றான். ஆனால் ஒன்று கேட்டான். பிடிக்காதவர்கள் துணியை இந்தியாவரை திருப்பி அனுப்ப முடியுமா, அதற்கு மட்டும் என் விலாசம் இருக்கலாமா என்றான். அது நியாயமாகப் பட்டது. வருவதை வாங்கி வைத்து, குறையிருந்தால் பதிலும் நானே சொல்கிறேன், ஆனால் என் பெயரைப் போட்டு எழுது என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வேலியோரப் பெண்ணைக் காணோம். அவன் யூனிட்டில் தைக்கிற செல்வி அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு கவுனைக் கையில் பிடித்து நிற்கிறார். கலப்புத் துணி என்று எழுதியிருக்கிறது. ஆர்டர் பாதியாகிவிட்டது. இரண்டு மிஷின் உறை போட்டுக் கிடக்கிறது என்று தம்பி சொன்னான், என்மேல் கொஞ்சம் வருத்தத்தோடுதான். நம்மூர்க் கொஞ்சம்.

அடியில் இரண்டு வரிகள். எங்கிருந்து வருகிறது: புதியம்புத்தூர். எங்கே திரும்ப வேண்டும்: என் பெயர், இந்தத் தெரு, இந்த ஊர். ஏழு வருடமாக எந்த ஃபாரத்திலும் நிரந்தர விலாசம் கேட்டால் குளத்தூரைத்தான் எழுதி வருகிறேன். நம்மூரிலிருந்து கிளம்பியது திரும்பி வரவேண்டிய இடம் இதுதான் என்று, என் பெயரைப் போட்டு, என் கூடப்பிறந்தவனே எழுதியிருக்கிறான். சமையலறையில் நின்று இரண்டு முறை படித்தேன். பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அழுதுவிட்டேன்.