இடி நேரத்தில் போட்ட மூன்று கட்டளைகள்

டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். பொகவந்தலாவையிலிருந்து இறம்பொடை வரை பல தேயிலைத் தொழிற்சாலைகளின் கம்ப்யூட்டர்களில் ஒரு சிறிய புரோகிராம் ஓடுகிறது. கொழுந்து வாட்டும் அறையின் சூட்டையும் ஈரத்தையும் எங்களுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அதை ஏஜென்ட் என்போம்.

போன சித்திரையில் அத்தனை ஏஜென்ட்டும் அடம்பிடித்தன. சேமித்து வைத்திருந்த பழைய தரவையே திரும்பத் திரும்ப அனுப்பின. மேனேஜர் கொழும்பிலிருந்து கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் நிறுத்தி, பழைய தரவ அழிச்சு, திரும்ப ஓட விடுங்க. இத ஒழுங்கா முடிச்சா வீட்டிலிருந்தே வேலை. இல்லாட்டி அடுத்த மாசம் கொழும்புக்கு வரணும்."

எனக்குக் கொழும்பு ஆகாது. ஆறு மாதம் அங்கே போர்டிங்கில் இருந்து, தினமும் அழுதவள் நான். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மாவோ போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

முதலில் ஒரே ஒரு தொழிற்சாலையில் செய்து பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கேது? முதல் கட்டளையில் எல்லா ஏஜென்ட்டும் நின்றன. இரண்டாவதில் பழைய தரவு மொத்தமாக அழிந்தது. திரையில் வரிசையாக ஓடிய வரிகளைப் பார்க்கப் பார்க்கத் தலைக்கனம் ஏறியது. திரும்ப ஓடவிடும் மூன்றாவது கட்டளையைத் தட்டப்போகும்போது இன்டர்நெட் செத்துப்போனது.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு மதியச் சோற்றுக்கு வந்திருந்த அம்மா, ரவுட்டரின் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இடி இடிக்குதுல்ல. போன வருஷம் டீவி எரிஞ்சது மறந்துபோச்சா?"

நான் போட்ட கூச்சலில் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். ஒரு கம்ப்யூட்டர்கூடப் பதில் தரவில்லை. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு தொழிற்சாலைக்குப் போன் போட்டேன்.

"இடி நேரத்துல ஏதுங்க மிஸ் கம்ப்யூட்டர்? எல்லாத்தையும் நிப்பாட்டி பிளக்க கழட்டியாச்சு" என்றார் அங்கிருந்த ஆபிசர்.

மலையில் இடி கேட்டால் பிளக்கைக் கழற்றாத ஆள் உண்டா? எனக்குத் தெரியாததா? திரையைப் பார்த்த திமிரில் வானத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. நான் சாப்பிடவில்லை. மழை விட்டதும் திரையில் ஒரு தொழிற்சாலை உயிர்பெற்றது. அதில் வந்தது அன்றைய சூடு! அடுத்து இன்னொன்று, பிறகு மற்றதெல்லாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஏஜென்ட் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். நான் போடாமல் விட்ட மூன்றாவது கட்டளையை, பிளக்கைச் சொருகியவர்களே போட்டுவிட்டார்கள்.

மேனேஜரிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அங்க இடிக்கிற இடி கொழும்புல எனக்குக் கேக்காதே. நீங்க அங்கேயே இருங்க. அடுத்த தடவை மட்டும் முதல்ல ஒரு மெஷின்ல செஞ்சு பாருங்க."

அடுப்படிக்கு ஓடி, "கொழும்புக்குப் போகலம்மா" என்றேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கட்டிலுக்கடியில ஒன் பெட்டி இருக்கு. நான் அடுக்கி வச்ச துணியெல்லாம் எடுத்து அலுமாரில வையி" என்றார்.