குழாய் வாயில் விட்ட தீர்த்தம்

என் வேனுக்கு இன்ஜின் மாற்றிய பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

பாபநாசத்துக்கும் குற்றாலத்துக்கும் ஆள் ஏற்றிப் போகிற வேன். இன்ஜின் போய்விட்டது. விபத்தில் நொறுங்கிக் கிடந்த வேறொரு வண்டியின் இன்ஜினை வாங்கி, திருநெல்வேலி பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். வேலை பார்த்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மாஞ்சோலையில் எஸ்டேட் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்து, எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையிறங்க வேண்டி வந்தபோது குடும்பத்தோடு கீழே வந்தவர். பட்டறையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இந்த வேலைய சுத்தமா முடிச்சிட்டீருன்னா உம்மள நிரந்தரமா வச்சிக்கிடுதேன்" என்று முதலாளி என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்.

இன்ஜின் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. ஏசிதான் இழுத்தடித்தது. பழைய இன்ஜினில் கம்ப்ரசர் மேலே இருந்தது, இதில் கீழே. பழைய குழாய் நாலு விரல் எட்டவில்லை. அளவெடுத்துப் புதுக் குழாய் செய்து வாங்கினார். டைனமோ, ஸ்டியரிங் பம்ப், கம்ப்ரசர் மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் ஓடும் புல்லிகள் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்ப்பார், மெல்லிசாக ஒரு வாஷர் வைப்பார், மறுபடி நூல் பிடிப்பார். அவ்வளவு பொறுமை. ஏசிக் குழாய்களின் வாயில் மட்டும் எப்போதும் பிளாஸ்டிக் மூடி போட்டே வைத்திருந்தார்.

"எதுக்கு வே சும்மா சும்மா மூடுதீரு?" என்று கேட்டேன்.

"திறந்து போட்டா பல்லி குடியேறிரும் அண்ணாச்சி. மேல எஸ்டேட்ல அட்டையே உள்ள போயிருக்கு" என்று சிரித்தார்.

குழாய் மாட்ட வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் பூசையை முடித்துவிட வேண்டுமென்று சந்தனம், குங்குமம், பாபநாசம் கோயிலில் வாங்கிய அபிஷேகத் தண்ணீரில் திருநீறு கரைத்த பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒவ்வொரு புல்லிக்கும் பொட்டு வைத்தேன். குழாய்களிடம் வந்ததும் கை நின்றது. வாயை அடைத்து வைத்துக்கொண்டா சாமி கும்பிடுவது என்று மனசு கேட்கவில்லை. மூடிகளைக் கழற்றி, உள்ளங்கையில் தீர்த்தத்தை ஊற்றி, இரண்டு குழாயிலும் விட்டேன். பழையபடி மூடிவிட்டேன். சூடம் காட்டி, "வழியில நிறுத்திராதே, ஈஸ்வரா" என்று கும்பிட்டேன்.

அவர் வந்து பொட்டுகளைப் பார்த்தார். "சாமிக்குக் காட்டியாச்சா? இனி எனக்குப் பயமில்ல" என்றார். குழாய்களை மாட்டி, பம்ப் வைத்து உள்காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸ் ஏற்றினார். நல்ல குளிர்ச்சி.

ஒன்பதாம் நாள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பயணிகளோடு போகும்போது குளிர்ச்சி வருவதும் போவதுமாக இருந்தது. பிறகு கம்ப்ரசர் இறுகி நின்றது. பெல்ட் புகைந்து அறுந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம்.

முதலாளியே கம்ப்ரசரைப் பிரித்தார். அழுக்குத் தண்ணீர் வடிந்தது, கூடவே சாம்பல் நிறத்தில் சேறு.

"என்ன வே இது? ஏசி லைனுக்குள்ள தண்ணி பட்டாலே எல்லாம் நாசமாயிரும்னு தெரியாதா? குழாயத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கீரு."

"மூடாம நான் ஒருநாளும் போனதில்ல மொதலாளி."

"பெறகு அதுவா நடந்து உள்ள போச்சா?"

மெக்கானிக் அந்தச் சேற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. மெக்கானிக் ஸ்பேனர்களைத் துடைத்து, இருந்த இடத்தில் அடுக்கிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கோயிலில் என்னால் கையை உயர்த்திக் கும்பிட முடியவில்லை. கடைசியில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "சாமி தண்ணிதான வே, விடும். அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டாச்சு."

அவரிடமே நம்பர் வாங்கிப் போன் செய்தேன். மெக்கானிக் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவலுக்கு இருக்கிறார். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"சேத்தப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு அண்ணாச்சி" என்றார். "திருநீறு கரைஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுவீங்கன்னுதான் ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு நின்னேன்."

"நீராவது சொல்லியிருக்கலாமே வே."

"சாமிக்குன்னு செஞ்சத நான் எப்படிக் குத்தம்னு சொல்லுவேன்?"

யாரோ வாசலில் கூப்பிடுவது கேட்டது. "கார் வருது, கேட்டத் தொறக்கணும்" என்று போனை வைத்துவிட்டார்.