உப்பு வேண்டாம் என்ற அண்ணன்

போன வாரம் அண்ணனை ரத்த அழுத்தம் பார்க்க ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். நர்ஸ் பெண் பட்டையை எடுத்துவந்து அவர் கையில் சுற்றினாள். ஒட்டவில்லை. இழுத்துப் பிடித்து ஒட்டினாள். காற்று ஏறியதும் பர்ரென்று பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் பக்கத்து அறையிலிருந்து பெரிய பட்டை வந்தது.

எழுபதைத் தாண்டிய கை அது! அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என்னிடம் திரும்பி, "சேச்சி, சாருக்கு என்ன ஜோலி?" என்று மலையாளம் கலந்து கேட்டாள்.

"கிருஷி" என்றேன் பட்டென்று. விவசாயம்.

பொய்யா? இல்லைதான். கடலையும் சோளமும் போட்டவர்தான் அண்ணன். ஆனால் கடலைச் செடி பிடுங்கியா இந்தக் கை வந்தது? என் அண்ணன் பாடி பில்டர். மேடையேறி உடம்பைக் காட்டிச் சம்பாதித்தவர். பிறகு ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து, முழங்கால் தேய்ந்து, ஓய்வு பெற்றவர். இதைச் சொல்ல எனக்கு என்ன கேடு?

அண்ணன் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். எனக்குத்தான் வீட்டுக்கு வந்த பிறகும் முகம் காந்திக்கொண்டே இருந்தது.

நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என் வீட்டுக்காரரை எத்தனை முறை வம்புக்கு இழுத்திருக்கிறேன்! மருமகள், பேரன், எதிர்வீட்டு நாய்... யாரையும் விட்டதில்லை. அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. நீங்களும் கேட்டதில்லை. எனக்கு ஓர் அண்ணன் இருப்பதே உங்களுக்குத் தெரியாதே, எப்படிக் கேட்பீர்கள்?

சரி, இப்போது சொல்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து எல்லையைத் தாண்டினால் கேரளத்துப் பக்கம் கோபாலபுரம். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா, அண்ணன், நான், ஒரு ஜோடி மாடு — இவ்வளவுதான் குடும்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கக் கோயமுத்தூர் போன அண்ணன், சாமானை மறந்துவிட்டு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையோடு திரும்பி வந்தார். அட்டையில் ஒரு வெள்ளைக்காரன். ஜட்டி மட்டும்தான் போட்டிருந்தான். அம்மா அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மில் தொழிலாளிகள் நடத்திய ஒரு தேகப் பயிற்சிக் கூடத்தை அங்கே பார்த்தாராம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. இரண்டு டால்டா டின்களில் சிமென்ட்டை ஊற்றி, நடுவே இரும்புக் கம்பியைச் செருகினார். அதுதான் பளு. மாட்டுக்கு ஊறப்போட்ட கொள்ளில் பாதி அண்ணனுக்குப் போனது. மாடு இளைத்தது, அண்ணன் பெருத்தார்.

டின்களின் கனம் போதாமல் போனபோது இன்னொரு பளு தேவைப்பட்டது. அது நான். தோளில் என்னை உட்கார வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். எனக்கு அது ராட்டினம்! "அம்மிணி, இன்னிக்கு ரண்டு இட்லி சேத்தித் தின்னுட்டு வா" என்பார். கனம் கூடுமாம். நான் வயதுக்கு வந்ததும் அம்மா அதை நிறுத்தினாள்.

அத்தோடு என் சந்தோஷமும் நின்றது. வெட்கம் ஆரம்பித்தது.

பின்னே? போட்டிக்குப் போக ஆரம்பித்ததும், உடம்பில் ஒரு முடி இருக்கக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அண்ணன் காலை மழித்துக்கொண்டிருந்ததை என்கூடப் படித்தவள் ஒருத்தி பார்த்துவிட்டாள். "உங்கண்ணன் எதுக்குடி காலைச் செரைக்கறாரு?" என்று வகுப்பு நடுவில் கேட்டாள். கொழிஞ்சாம்பாறை சந்தைச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். அண்ணன், எண்ணெய், ஜட்டி. கீழே ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பெயரே கிடையாது. 'பயில்வான் தங்கச்சி'தான்.

அண்ணனோடு சேர்ந்து நடப்பதை விட்டேன். அவர் முன்னால் போனால் பத்தடி பின்னால் வருவேன். பஸ்ஸில் பெண்களுக்கு முன்பக்கம், ஆண்களுக்குப் பின்பக்கம். அந்த ஏற்பாட்டைச் செய்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றும்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊர். தேவிகுளம் பக்கத்தில் ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பார்க்க வந்தார்கள், பிடித்துவிட்டது. எனக்கும்தான். மாப்பிள்ளை நல்ல நிறம், அதிகம் பேசவில்லை... அதெல்லாம் இருக்கட்டும். உண்மையைச் சொல்கிறேன். அந்த மலையில் என்னை யாருக்கும் தெரியாது. யாரும் 'பயில்வான் தங்கச்சி' என்று கூப்பிட மாட்டார்கள். அதற்காகவே அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும். ராத்திரியும் பகலும் அதே நினைப்பு.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கை நனைக்க வேண்டும். அங்கே இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம், சம்பந்தம் முடிந்தது. சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அந்த இலை அண்ணனுக்குத்தான்.

நாள் குறித்தது மாப்பிள்ளை வீட்டார். வெள்ளிக்கிழமை. கோயமுத்தூரில் அண்ணனுக்குப் போட்டி ஞாயிற்றுக்கிழமை.

இங்கேதான் வந்தது வினை. போட்டிக்கு முன்னால் உப்பை நிறுத்துவார்கள். கடைசியில் தண்ணீரையும் நிறுத்துவார்கள். அப்போதுதான் தோல் சதையோடு ஒட்டி, ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரியுமாம். அண்ணன் இரண்டையும் நிறுத்தியிருந்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

"சாமி, ஒரே ஒரு வாய் வெச்சுட்டு எந்திரிச்சுரு" என்று அம்மா போகிற வழியிலேயே கெஞ்சியிருக்கிறாள். "பாக்கறனுங்மா" என்றாராம் அண்ணன். அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

கையோடு சேலையும் எடுத்துவிடலாம் என்று என்னையும் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பெரியம்மா வீட்டில் தலை நிறையப் பூவோடு நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா, அண்ணன், பெரியம்மா, பெரியப்பா நால்வரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். அங்கே நடந்தது அண்ணனுக்கு முன்னால் ஓடிவந்த பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

இலை போட்டு, ஓரத்தில் உப்பு வைத்து, சோறு வைத்து, பருப்பும் நெய்யும் ஊற்றியாகிவிட்டது. எல்லோரும் அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கும்பிட்டாராம்.

"மன்னிச்சுக்குங்க மாமா. ஞாயித்துக்கெழமை போட்டிங்க. உப்பு, தண்ணி ரண்டும் நிறுத்தியிருக்கனுங்க."

"அதென்னங்க தம்பி, சோறு திங்காத போட்டி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஒடம்பு காட்டற போட்டிங்க."

யாரோ சிரித்திருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பெரியப்பா எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் அண்ணன் இறங்கி வருவதாக நினைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னார் பாருங்கள்...

"உப்புப் போடாம வெறுஞ்சோறு ஒரு கை வைங்க. தின்னுக்கறனுங்க."

உப்பில்லாச் சோறு! எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு ஆகவே ஆகாது. சமையலறை வாசலிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் வந்ததாம். "நல்ல காரியத்துல உப்பில்லாச் சோறு கேக்கறாங்களே! எங்கூட்டு உப்பு வேண்டாம்னா எங்கூட்டுச் சம்பந்தம் எதுக்குங்க?"

மாப்பிள்ளையின் அப்பா இலையை மடக்கிவிட்டு எழுந்தார். பந்தியே எழுந்தது.

கையைக் காலைப் பிடித்தாவது சரிசெய்யலாம் என்று அம்மாவும் பெரியப்பாவும் அங்கேயே நின்றுவிட்டார்கள். பெரியம்மாவை அடுத்து அண்ணன் வந்தார். "வா அம்மிணி, ஊட்டுக்குப் போலாம். மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்றார். நான் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாய் சோறு... ஒரே ஒரு வாய் சோற்றில் என் வாழ்க்கை போயிற்றே!

பஸ்ஸில் நான் முன்பக்கம் ஏறினேன். அவர் பின்பக்கம்.

எல்லைக்கு வந்ததும் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்த வருஷங்களில் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குக் கொண்டுபோகத் தடை. ஆனாலும் கொண்டுபோனார்கள். துணிப்பையில் அரிசியைப் போட்டுத் தைத்து, மார்பிலும் வயிற்றிலும் கட்டிக்கொண்டு, மேலே சட்டை போட்டு மறைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சோதனை செய்கிறவர்களுக்கு யார் சட்டை புடைத்திருந்தாலும் சந்தேகம்தான்.

அன்றைக்கு ஏறியவர் ஊருக்குப் புதிது போலிருக்கிறது. நேராக அண்ணனிடம் போய் நின்றார்.

"எறங்குய்யா. சட்டைக்குள்ள என்ன கட்டி வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க... ஒடம்புங்க."

"ஒடம்பா? எந்த ஊர்ல இப்படி இருக்கும் ஒடம்பு? எறங்கு!"

கீழே இறக்கி, என் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, மார்பில் லத்தியால் குத்திப் பார்த்தார். கழற்றச் சொன்னார். அண்ணன் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார். பஸ் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. "அரிசி இல்லப்பா, நெசமாவே சதை!" என்று ஒருவன் கத்தினான். ஒரே சிரிப்பு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்மணி, "என்ன கண்றாவி!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு பருக்கை தொட மாட்டேன் என்று என் கல்யாணத்தையே கவிழ்த்துவிட்டு வந்தவரிடம் அரிசியைத் தேடுகிறார்கள்! வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பூமி பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது.

அந்த ஆள் விடவில்லை. "கூட யாரு வந்திருக்கா? பொம்பளைங்ககிட்டக் குடுத்து வெச்சிருக்கயா?"

அண்ணனின் குரல் கேட்டது.

"இல்லீங்க. தனியாத்தான் வந்தனுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு பின்படியில் ஏறினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் ஒட்டவில்லை. அம்மா மறுநாள் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போட்டிக்குப் போனார். இரண்டாவது இடம். அதை வைத்துத்தான் தொழிலே ஆரம்பித்தது. பீர்மேட்டிலிருந்து தேவிகுளம் வரை எஸ்டேட் விழாக்களில் அண்ணன் ஏறாத மேடை இல்லை. ஒரு தடவை அந்த மாப்பிள்ளையே பெண்டாட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாராம். அண்ணன் வந்து வெள்ளந்தியாகச் சொன்னார். எனக்கும் பிறகு நல்ல இடத்தில்தான் அமைந்தது. அந்த வீட்டுப் பந்தியில் அண்ணன் உப்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அவியலில் ஏற்கெனவே உப்பு அதிகம்!

கல்யாணம் போனது எனக்கு மறந்தே போய்விட்டது. மறக்காதது வேறு.

அன்றைக்குக் கோபாலபுரத்தில் இறங்கி நடந்தோம். அவர் முன்னால், நான் வழக்கம்போலப் பத்தடி பின்னால். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் நடை தள்ளாடியது. தண்ணீர் குடிக்காத உடம்பல்லவா? எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, தனியாத்தான் வந்தன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"உன்னையும் எறக்கிச் சோதிப்பாங்கல்லொ அம்மிணி."

பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அதுமில்லாம... எங்கூட வர்றதுன்னாலே உனக்கு வெக்கமா இருக்குமல்லொ."

அதில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. நாளைக்கு மழை வரும்போல என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். எத்தனை வருஷமாகத் தெரிந்துவைத்திருந்தாரோ!

அப்படியெல்லாம் இல்லீங்கண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடு வந்து சேரும்வரை என் வாயில் வரவில்லை.

எப்படி வரும்... அது உண்மைதானே?