மூவாருக்குப் போய்விடுவேன் என்று மிரட்டிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் மருமகனோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஆயர் குரோவுக்கு ஒரு பெரிய கம்பெனி வரப்போகிறதாம் — சில வருடங்களுக்கு வரி வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னால்!

“சலுகை குடுத்தாத்தானே மாமா வருவாங்க? நாலு பேருக்கு வேலை கெடைக்கும். நீங்க என்ன சொல்றீங்க?”

நானா? ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எதற்கும் முன்கூட்டியே பயந்து, மழைக்கு முன்பே தும்முகிறவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு...

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். இதே ஊர் காஜா பேராங்கில் சவுக்காரம், அதாவது சோப்பு, காய்ச்சி விற்றேன். தேங்காயெண்ணெய், சாம்பல் நீர், அவ்வளவுதான். நுரை வராது. வேறு சவுக்காரம் கிடைக்காததால் ஊர் என்னை மன்னித்தது. ரோட்டோரம் ஒரு சின்னக் கடை, அதற்கொரு லைசென்ஸ். அது இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அப்போது எங்கள் தெருமுனைக்கு ஒரு பெரிய ஜப்பான் சவுக்காரக் கம்பெனி வந்தது. கொட்டகை இலவசம். வரி கிடையாது. எங்களுக்கு மட்டும் லைசென்ஸ் கட்டணம் ஏறியது. பெரியவனுக்கு விட்டுக்கொடுத்ததை யாரிடமாவது வாங்க வேண்டாமா?

எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“மோட்டுவளையப் பாத்துக்கிட்டு ஒக்காந்தா கொறைச்சிடுவானா? லைசென்ஸ் ஆபீசுக்குப் போயி வாயத் தொறந்து கேளுங்க!”

போனேன். வழியெல்லாம் ஒத்திகை. பெரிய கம்பெனி முதலாளி எப்படிப் பேசுவார்? அப்படியே ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் பேசினேன்.

“கட்டணத்தக் கொறைக்கலன்னா... தொழில பக்கத்து ஊரு மூவாருக்குக் கொண்டு போயிடுவேன்!”

கிராணி முகம் மலர்ந்தது.

“அப்படியாண்ணே? நல்லதாப் போச்சு! ஒங்க எடத்துக்கு அஞ்சாறு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. லைசென்ஸக் குடுங்க, இப்பவே ரத்து பண்ணிடறேன். மூவாருக்குப் போறதுக்குப் பயணப் பாஸ் எழுதவா?”

லைசென்ஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

“தம்பி... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்பா!”

அவர் சிரித்துவிட்டார். “அண்ணே, போயிடுவானோன்னு நாங்க பயப்படறவனுக்குத்தான் சலுகை. நீங்க எங்க போவப்போறீங்க? அடுப்பு, சட்டி, பொண்டாட்டி புள்ள எல்லாம் இங்கதானே?”

ஏறிய கட்டணத்தை மறுபேச்சில்லாமல் கட்டினேன். கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் சவுக்காரமும் கொடுத்தேன். வெளியே வந்ததும் அடுத்த கவலை... நுரை வரவில்லை என்று கோபித்துக்கொண்டால்?

சில மாதங்களில் அந்தக் கம்பெனி எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. அதை நம்பி வேலைக்குப் போனவர்கள் காலிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு ஏறிய கட்டணம்? அது இறங்கவே இல்லை.

மருமகனிடம் சொன்னேன்: கம்பெனியைக் கூப்பிடட்டும் மாப்பிள்ளை. வேலை வந்தால் நல்லதுதான். ஆனால் விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்ததை, போக்கிடம் இல்லாதவன் தலையில் கட்ட வேண்டாம்.

ஊரை விட்டுப் போகாதவனுக்கும் ஒரு சலுகை கொடுத்துப் பார்த்தால்தான் என்ன?