இல்லாத தெருக்களுக்குப் பெயர் எழுதியவன்

பழைய போட்டோவில் இருப்பது எந்தத் தெரு என்று சந்தேகம் வந்தால், மற்றவர்கள் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். எங்கள் தொழிலில் நேரில் போனால் அங்கே சுரங்கம்தான் இருக்கும். ஆபீஸ் ஃபைலோடு என்றைக்காவது மல்லுக்கட்டியிருந்தால் உங்களுக்கு நான் பட்ட பாடு புரியும். ஆனால் நான் பட்டதைவிட என்னால் மற்றவர்கள் பட்டதுதான் அதிகம். அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

நனைந்த பெட்டி

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலியில் நிலம் எடுக்கும் பிரிவில் நான் கிளார்க். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்த ஒரு ஊரை, இடிப்பதற்கு முன் வீடு வீடாகப் போட்டோ எடுத்திருந்தார்கள். எந்த வீட்டில் யார் குடியிருந்தார் என்பது அந்தப் போட்டோக்களின் பின்பக்கத்தில் மட்டும்தான் எழுதியிருந்தது. வீடு இழந்தவர்களிடமிருந்து மாற்று மனைக்கோ வேலைக்கோ மனு வந்தால் அதைப் பார்த்துத்தான் ஒப்பிடுவோம்.

போட்டோ இருந்த ட்ரங்குப் பெட்டியை ஜன்னலோரம் வைத்தவன் நான்தான். ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் இறங்கி, பெயரெல்லாம் நீல மையாகக் கரைந்து ஓடிவிட்டது. எங்கள் ப்யூன் கலியமூர்த்தி ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தியதில் படங்கள் மட்டும் பிழைத்தன. அதிகாரி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"படம் இருக்குல்ல? ஊர்க்காரங்களக் கூப்பிட்டுக் காட்டி மறுபடி எழுதுங்க. இதுல என்ன கஷ்டம்?"

கொல்லைப்பக்கம்

முதலில் வந்தது ஐம்பது வயதுப் பெண்மணி. நாற்காலியைக் காட்டினேன், தரையில்தான் உட்கார்ந்தார். பெரிய ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு தெருவின் படத்தைக் கொடுத்தேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியலீங்க" என்றார்.

"உங்க ஊர்தானேம்மா?" என்றேன்.

"எங்க ஊருதாங்க. சின்ன வயசுலேருந்து இந்த வூடுங்கள்ல சாணி அள்ளியிருக்கேன்."

"அப்புறம் என்ன, தெரியலைங்கிறீங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகச் சொன்னார்:

"தெருவழியா எங்கள விட்டதே இல்லீங்க. பின்னாடி நின்னு எடுத்த போட்டோ இருந்தா குடுங்க, கொல்லப்பக்கம் பாத்தா எது யாரு வூடுன்னு சட்டுனு சொல்லிப்புடுவேன்."

கடைசிப் படம்

இன்னொருவர் ஒரு போட்டோவைப் பார்த்ததும் துள்ளினார். கூரை வீடு, வாசலில் துண்டை மடித்துத் தோளில் போட்டு விறைப்பாக ஒரு ஆள். "இது நான்தான் சார்!" ஒரு வீட்டுக்காவது சிக்கலில்லாமல் பெயர் கிடைத்ததே என்று பேனாவைத் திறந்தேன். எழுதப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வூடு என்னுது இல்ல சார். இதோட ஃபிலிம் தீந்துது, இதான் கடைசிப் படம்னு போட்டோக்காரர் சொல்லிட்டாரு. எங்க வூடு அடுத்த வூடு. அதான் ஓடியாந்து இந்த வாசல்லயாவது நின்னுக்கினேன்."

ராஜவேலு

மூன்று மாதத்தில் பாதிகூட முடியவில்லை. அப்போதுதான் ராஜவேலு வந்தார். வெள்ளை வேட்டி, நல்ல பேச்சு, அந்த ஊர் மணியக்காரருக்கு உறவு. படத்தை ஒரு பார்வை பார்ப்பார். தெரு, வீடு, ஆள் பெயர் மூன்றும் வரும். எனக்குக் கடவுளே வந்த மாதிரி இருந்தது. கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தேன். அதை மேஜையில் வைத்த கலியமூர்த்தி, படங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார்.

வாசலில் வேப்பமரம் நின்ற ஓட்டு வீட்டின் படம் ஒன்றை ராஜவேலு எடுத்து, "இது எங்க பங்காளி வூடு. அவரு செத்துட்டாரு, வாரிசு கெடையாது. எங்களுக்குத்தான் வரணும்" என்றார். வேறு யாரையும் கேட்காமல் ராஜவேலு பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடையில் ஒரு தடவை கை வலித்துப் பேனாவை வைத்தேன்.

"பேனாவ வெச்சுடாதீங்க சார்," என்றார், "நான் சொல்லிக்கினே வரேன், நீங்க எழுதிக்கினே வாங்க."

தலைகீழ் லாடம்

இரண்டு வருஷம் கழித்து அஞ்சலை என்று ஒரு அம்மா வந்தார். புருஷன் செத்ததும் திருவதிகையில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாராம். மகன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் லேபர். பர்மனென்ட் கேட்டு மனுப் போட, வீடு வேறு பெயரில் இருக்கிறது என்று தெரிந்து ஓடி வந்திருக்கிறார். நூற்றுக்கணக்கான படங்களில் வேப்பமரம் நின்ற அந்த ஓட்டு வீட்டைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைத்தார்.

"வாசக்காலுக்கு மேல மாட்டு லாடம் இருக்கும், பாருங்க. எங்க வூட்டுக்காரரு அதைத் தலகீழா அடிச்சிட்டாரு. ஊரே சிரிச்சுது."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருந்தது. தலைகீழாகத்தான் இருந்தது.

பெயரை மாற்ற வேண்டுமென்றால், விசாரிக்காமல் எழுதினேன் என்று நான் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். ப்ரமோஷன் லிஸ்ட் வரவிருந்த மாதம் அது. கண்ணாடியை டிராயரில் போட்டு மூடினேன். "படம் தெளிவா இல்லம்மா" என்றேன். அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. என் முகத்தையே பார்த்தார்.

"கண்ணாடி வச்சுப் பாத்தீங்களே சார், லாடம் தெரிஞ்சுதா இல்லியா?"

கேட்காமல் விட்டது

நான் அடுத்த ஃபைலை எடுத்து விரித்தேன். அஞ்சலை போய்விட்டார். அந்த வீட்டைக் காட்டி ராஜவேலுவின் மகன் ஏற்கெனவே பர்மனென்ட் ஆகியிருந்தான். அஞ்சலையின் மகன் கடைசிவரை கான்ட்ராக்ட்தான். இரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட் பஸ்ஸில் போவதை டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் முனையில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

அஞ்சலை வந்துபோன அன்று சாயங்காலம் படங்களை அடுக்கிக்கொண்டிருந்த கலியமூர்த்தியிடம், மனசு ஆறாமல், "பாத்தீங்களா, அந்த ராஜவேலு எப்படி ஏமாத்திட்டான்!" என்றேன். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. அவரும் அந்த ஊர்தான் என்பது எட்டு வருஷம் கூட வேலை பார்த்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அது அஞ்சல வூடுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். ராஜவேலு இப்ப எனக்குப் பக்கத்து வூடு, நானா வந்து சொன்னா காலத்துக்கும் பகை. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். டீதான் கேட்டீங்க."

இந்த வேலையைச் சீக்கிரம் முடித்ததற்காக என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பாராட்டு ஏறியிருக்கிறது; அதை அடித்துவிடச் சொல்லி நானும் ரிடையர் ஆகும்வரை எழுதிக் கொடுக்கவில்லை.